குதிரைக்கு ஒரு முதலுதவிப் பெட்டி

மலர்க் குழுவினர் என்னிடம் முதலில் கேட்டது 'சங்க இலக்கியத்தில் புரவி' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. அதை எழுதத் தகுதியுள்ள பேராசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது புரவி அல்ல, குதிரை. இராணுவத்தின் ரீமவுண்ட் வெடரினரி கோரில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிரெஸ்ஸர் என்றால் டாக்டருக்குக் கையாள். புண் கழுவுவது, கட்டுப் போடுவது, ஊசி போடும்போது குதிரையைப் பிடிப்பது, ராத்திரி முழுக்க லாயத்தில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் நாடி பார்த்து எழுதுவது, இவைதான் வேலை. "அப்படியானால் அதையே எழுதுங்களேன்" என்றார்கள். எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் வந்து சேரும் வரை உள்ள இடைவேளையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

"ஹடப்சரில் உட்கார்ந்துகொண்டு குதிரைக்கு முதலுதவியா? யாருக்கய்யா வேணும் இது?" என்று சிலர் கேட்கலாம். மகர்பட்டா பக்கம் கண்ணாடிக் கட்டடங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் சோலாப்பூர் சாலையில் இத்தனை வருஷம் குடியிருக்கும் எனக்கு இது குதிரை ஊர். பூனாவாலா குடும்பத்தார் 1946இல் தொடங்கிய பந்தயக் குதிரைப் பண்ணை இந்தப் பக்கத்தது. கன்டோன்மென்ட் ரேஸ் கோர்ஸில் மழைக்காலத்துப் பந்தயங்கள் நடக்கும். இவை ஒரு பக்கம். இந்தக் குதிரைகளுக்கு டாக்டர் உண்டு, எக்ஸ்ரே உண்டு. இன்னொரு பக்கம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் வெள்ளைக் குதிரைகள். ஜிகினா போர்த்தி, பாண்டு வாத்தியத்துக்கும் பட்டாசுக்கும் நடுவே நிற்கிற அந்தப் பெட்டைக் குதிரையின் சொந்தக்காரரிடம் பெரும்பாலும் ஒரு வாளியும் ஒரு மஞ்சள்தூள் பொட்டலமும்தான் இருக்கும். நான் எழுதுவது அவருக்காக. அவர் தமிழ் படிக்கமாட்டார். ஆனால் அவருக்குப் பக்கத்து வீட்டில் நம்மவர் ஒருவர் இருக்கக்கூடும்.

ஹடப்சருக்கும் குதிரைக்கும் இன்னொரு உறவும் உண்டு. என் கதைக்கு அது தேவை. 1890இல் ஜெர்மனியில் பேரிங், கிடசாட்டோ என்ற இருவர், ரணஜன்னியின் நச்சைச் சிறு அளவில் பெற்றுப் பழகிய பிராணியின் இரத்தத்தில் அந்த நச்சை முறிக்கும் பொருள் உண்டாவதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அதற்குக் குதிரையே ஏற்ற பிராணி என்று ஆயிற்று. பெரிய உடம்பு, நிறைய இரத்தம், சாதுவாக நிற்கும் குணம். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு முதலுதவியாகப் போட்டது குதிரையிலிருந்து எடுத்த இந்தச் சீரத்தைத்தான். நம் நாட்டிலும் மும்பை ஹாஃப்கின் நிலையம் இதைச் செய்தது. பந்தயத்தில் ஓய்வுபெற்ற குதிரைகளைப் பூனாவாலா பண்ணை அந்த நிலையத்துக்குக் கொடுத்து வந்தது. 'குதிரை நம்முடையது, சீரத்தை நாமே எடுத்தால் என்ன' என்ற யோசனையில் சைரஸ் பூனாவாலா 1966இல் ஹடப்சரில் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிட்யூட். கோவிட் காலத்தில் உலகமே உச்சரித்த பெயர். அதில் உள்ள 'சீரம்' குதிரையின் சீரம். ரணஜன்னி எதிர்நச்சு அவர்களுடைய ஆரம்பகாலத் தயாரிப்புகளில் ஒன்று.

குதிரை நமக்குக் கொடுத்த மருந்து என்று இதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் ரணஜன்னிக்கு மிக எளிதாக ஆட்படும் வீட்டுப் பிராணியும் குதிரையேதான். அதன் கிருமி குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் சாதாரணமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்று ஒரு குதிரை இருந்தது. முன்பு பால்வண்டி இழுத்த குதிரை. தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரம் அதன் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. 1901இல் அதற்கே ரணஜன்னி கண்டது. அதைக் கொன்றுவிட்டார்கள், ஆனால் நோய் உள்ளே இருந்தபோது எடுத்த சீரம் வெளியே போய்விட்டது. 13 குழந்தைகள் இறந்தார்கள். மருந்துத் தயாரிப்பைக் கண்காணிக்க அமெரிக்காவில் 1902இல் சட்டம் வந்ததற்கு இது ஒரு காரணம்.

இனி என் கதை. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கல்யாண சீசன். எங்கள் சந்துக்குப் பின்னால் இரண்டு குதிரை வைத்திருந்த ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தார். "காகா, குதிரை காலில் ஆணி. பிடுங்கிப் போட்டுட்டேன். ரத்தம்கூட வரலை. என்ன போடலாம்?" பந்தல் ஆணி. நான் தூக்கக் கலக்கத்தில், "அயோடின் விடு, காலையில் பார்க்கலாம்" என்றேன். காலையில் போனேன். நொண்டவில்லை. துளை எங்கே என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு பேரும் டீ குடித்தோம். 'ரணஜன்னி ஊசி கடைசியாக எப்போது போட்டாய்?' என்ற ஒரு கேள்வியை, இருபது வருஷம் சர்வீஸ் போட்ட நான், கேட்கவில்லை.

பத்தாம் நாள் மறுபடி கூப்பிட்டார். குதிரை மரக்குதிரை மாதிரி நான்கு காலையும் பரப்பி நின்றது. வால் கொஞ்சம் தூக்கியிருந்தது, காதுகள் விறைத்திருந்தன. மோவாயைத் தூக்கினேன்; கண்ணின் உள் மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு ஒன்று சட்டென்று விழியை மூடித் திறந்தது. அதைப் பார்த்த பிறகு புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. டாக்டர் வந்தார். எதிர்நச்சு, பென்சிலின், மயக்க மருந்து எல்லாம் கொடுத்தார். லாயத்தை இருட்டாக்கிக் காதில் பஞ்சு வைத்தோம். எதிர்நச்சு இரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும். நரம்பைப் பற்றிவிட்ட நச்சைப் பிரிக்க அதனால் ஆகாது. நாலாம் நாள் குதிரை விழுந்தது, எழவில்லை. சீரம் இன்ஸ்டிட்யூட் மதில் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

இப்படிக் குதிரையை இழப்பது நமக்குப் புதிதுமல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து பொன் கொட்டி வாங்கினார்கள். வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்கள். குதிரை வைத்தியம் தெரிந்த லாடக்காரர் யாரையும் இந்தக் கரைக்கு வரவிடாமல் வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும் என்றும் எழுதுகிறார். வெளியூர்க்காரர் எழுத்து, கொஞ்சம் கூட்டியிருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நம் நாட்டில் குதிரை நூல் இல்லாமல் போகவில்லை. சாலிஹோத்திரர் பெயரால் பெரிய சாஸ்திரமே உண்டு. வடக்கே குதிரை வைத்தியரைச் 'சலோத்ரி' என்று அழைப்பது அவர் பெயரிலிருந்து வந்ததுதான். நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் வண்ணப் படங்களோடு 1952இல் பதிப்பித்தது. சாஸ்திரம் அரண்மனையில் இருந்தது, வியாதி லாயத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியதைத்தான் பெட்டி என்கிறேன்.

குதிரை செத்த அந்த வாரம் மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினேன். முதலில் அதற்குள் போனது மருந்து அல்ல. மூடியின் உட்புறம் ஒட்டிய ஒரு தாள். அதில் மேலே இரண்டு டாக்டர்களின் போன் எண்கள், 1962 என்ற கால்நடை உதவி எண். அதற்குக் கீழே ஒவ்வொரு குதிரைக்கும் கடைசியாக ரணஜன்னித் தடுப்பூசி போட்ட தேதி. முதல் வருஷம் நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருஷத்துக்கு ஒன்று. காயம் பட்ட அன்று அந்தத் தேதியைப் பார்த்து டாக்டரிடம் சொன்னால், வெறும் தடுப்பூசி போதுமா, எதிர்நச்சும் வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

தாளின் மீதிப் பகுதி அந்தக் குதிரையின் சொந்த அளவுகளுக்கு. நின்று இளைப்பாறும் பெரிய குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, சூடு 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். இவை பொதுக் கணக்கு. நம் குதிரைக்கு என்ன என்பதை அது நன்றாக இருக்கும்போதே நாலு நாள் பார்த்து எழுதிவைக்க வேண்டும். வியாதி வந்த ராத்திரியில் முதன்முறையாக நாடி பார்ப்பவருக்கு 52 என்பது அதிகமா சரியா என்று எப்படித் தெரியும்? நாடி பார்க்கத் தாடையெலும்பின் கீழ் விளிம்பில் கயிறு போல உருளும் இரத்தக் குழாய் உண்டு. கைக்குப் பிடிபடாவிட்டால் மலிவான ஸ்டெதாஸ்கோப் ஒன்றை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்கலாம். அதே கருவியை விலாவுக்குப் பின்னால் வயிற்றில் வைத்தால் குடல் ஓடும் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் அதுதான் செய்தி. தெர்மாமீட்டர் டிஜிட்டலாக இருக்கட்டும். அதன் வாலில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கிளிப் மாட்டி, குதிரை வால் மயிரில் பிடித்துவிடுங்கள். உள்ளே போய்விட்ட தெர்மாமீட்டரை வெளியே எடுத்த அனுபவம் எனக்கு உண்டு, உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது காயம். இதற்கு நிறைய சலைன் பாட்டில், ஒரு 50 மில்லி ஊசிக்குழல் (ஊசி இல்லாமல்), கையுறை, மழுங்கின முனைக் கத்தரி, பெரிய காஸ் துணிகள், பஞ்சுச் சுருள், 6 அங்குல கிரேப் பாண்டேஜ், டார்ச். குதிரைக் காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். 350 கிலோ குதிரைக்குச் சுமார் 28 லிட்டர் இரத்தம் உண்டு. அரை வாளி போனாலும் அது நிற்கும், நாம்தான் மயங்கி விழுவோம். துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்து 15 நிமிஷம் எடுக்காமல் இருங்கள். 'நின்னுதா?' என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்த்தால் உறைந்ததெல்லாம் பிய்ந்து வரும். ஊறிவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணி. நின்ற பிறகு சலைனைப் பீய்ச்சிக் கழுவுவது. அழுக்குப் போக நிறையவே கழுவ வேண்டும். போவிடோன் அயோடினை அப்படியே ஊற்றக்கூடாது, லேசான டீ நிறம் வரும்வரை நீர்க்க வேண்டும்.

மஞ்சள்தூள், சாம்பல், எரிந்த எஞ்சின் ஆயில், பினாயில், சாணம்... இதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் மீது எனக்கு விரோதம் இல்லை, சமையலில் போடுங்கள். தையல் போட வேண்டிய காயத்தில் எந்தப் பொடியைத் தூவினாலும் டாக்டர் முதல் அரைமணி நேரம் அதைச் சுரண்டி எடுப்பதிலேயே போகும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைக்கிறது, அதனால் வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது கிருமியோடு நல்ல சதையையும் சேர்த்து அரிக்கும். காயம் மூட்டுக்குப் பக்கத்தில் இருந்து, தேன் நிறத்தில் பிசுபிசுப்பாக நீர் கசிந்தால், காயம் ஒரு அங்குலமே இருந்தாலும் அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். பெரிதாகக் கிழிந்து தொங்கும் தோலைவிட இது ஆபத்து.

கட்டுப் போடுவதில் தவறு இரண்டு விதம். மெல்லிய பஞ்சின் மேல் இறுக்கிச் சுற்றினால் தசைநாண் வெந்துபோகும். தளர்வாகச் சுற்றினால் சரிந்து கணுக்காலில் வளையமாக இறுகும். நல்ல கனத்துக்குப் பஞ்சு, அதன் மேல் ஒவ்வொரு சுற்றும் முன் சுற்றைப் பாதி மூடும்படி ஒரே இழுப்பில் வர வேண்டும். மேல் விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும். இதைக் காயமில்லாத காலில் பத்து தரம் போட்டுப் பழகுங்கள்.

ஆணிக்கு வருகிறேன். பெட்டியில் குளம்பு தோண்டும் கொக்கி, குழந்தை டயபர் நாலு, அகல ஒட்டுநாடா, இரண்டு சிறு மரக்கட்டைகள் இருக்கின்றன. குளம்பில் ஆணி ஏறி நின்றால் பிடுங்கவே கூடாது, முடிந்தவரை. அது எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். பிடுங்கிவிட்டால் குளம்பு ரப்பர் மாதிரி மூடிக்கொள்ளும், துளை மறைந்துவிடும், கிருமியோ காற்றில்லாத உள்ளே சுகமாக வளரும். ரணஜன்னிக் கிருமிக்கு வேண்டியதே காற்றில்லாத இடம்தான். என் நண்பர் சொன்ன 'ரத்தம்கூட வரலை' என்பது நல்ல சேதி அல்ல என்பதை அன்று ராத்திரி நான் உணர்ந்திருக்க வேண்டும். குதிரை காலை ஊன்றினால் ஆணி இன்னும் இறங்கும் போலிருந்தால், ஆணிக்கு இரு பக்கமும் மரக்கட்டையை வைத்து நாடாவால் கட்டி, எடை கட்டையில் விழும்படி செய்யலாம். அதற்கும் வழியில்லாமல் பிடுங்கத்தான் வேண்டுமென்றால், முதலில் செல்போனில் படம் எடுங்கள். பிறகு துளையைச் சுற்றி மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டு, ஆணியை அளந்து, தூக்கி எறியாமல் பெட்டியில் வையுங்கள். டயபரில் அயோடின் கரைசலை நனைத்துக் குளம்பில் மாட்டி, ஒட்டுநாடா சுற்றினால் டாக்டர் வரும்வரை மண் படாது.

வயிற்றுவலிதான் குதிரைக்கு அடிக்கடி வரும் எமன். காலால் தரையைக் கீறும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனதும் உண்டான வாயுவும் மேல்வழியாகத் திரும்ப வழியில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் அன்பாகக் கொடுக்கும் ஜிலேபி, ஊறின கடலைப்பருப்பு, பூரி மாவு எல்லாம் இதற்கு அச்சாரம். உடனே தீனியை எடுத்துவிட்டு, நாடி பாருங்கள். 60க்கு மேல் ஓடினால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். மெதுவாகக் கொஞ்ச நேரம் நடத்தலாம். ராத்திரி முழுக்க ஓட்டிக் களைக்க வைப்பது வைத்தியம் அல்ல. பாட்டிலில் எண்ணெயோ ஓமத் தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். முக்கால்வாசி நேரம் அது நுரையீரலுக்குப் போய், வயிற்றுவலியில் பிழைத்த குதிரை நிமோனியாவில் போகும். தீனி தொண்டையில் சிக்கி மூக்கு வழியாக வந்தாலும் இதே விதிதான். தண்ணீரும் கூடாது, தலை தாழ்ந்திருக்கட்டும். தானிய மூட்டையை அவிழ்த்து வயிறு புடைக்கத் தின்றுவிட்ட குதிரைக்கு மறுநாள் குளம்புக்குள் அழற்சி வரலாம். நொண்டும் வரை காத்திராமல், டாக்டர் வருவதற்குள்ளேயே முன்கால்களை ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள்.

மே மாதத்து மதிய ஊர்வலத்தில் குதிரை வியர்ப்பதை நிறுத்தி மூச்சு இரைத்தால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 'சூட்டில் தண்ணி ஊத்தினா நரம்பு இழுத்துக்கும்' என்பது தவறு. கண்ணில் பட்டாசுப் பொறி பட்டால் சலைனால் கழுவி, சொறியவிடாமல் பிடித்துக்கொண்டு, டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கண்ணே போகும்.

வலி ஊசியைப் பெட்டியில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் வைப்பதில்லை. வலியை மறைத்துவிட்டால் அறுவை தேவையா இல்லையா என்று டாக்டருக்குத் தெரியாமல் போகும். கழுத்தில் சிரைக்குப் பக்கத்திலேயே தமனி ஓடுகிறது. கை தவறி அதில் ஏற்றினால் குதிரை காலடியில் விழும். டைக்ளோஃபினாக் குப்பி சிலரிடம் இன்னும் இருக்கிறது. கால்நடைக்கு அதைப் பயன்படுத்துவது 2006இலிருந்து தடை. அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கையுறையை ஏன் இரண்டு பெட்டி வைக்கச் சொல்கிறேன் என்றால், நமக்காக. மூக்கில் புண்ணும் ஒட்டும் சளியும், தோலில் முடிச்சு முடிச்சாகக் கட்டியும் கண்டால் அது கிளாண்டர்ஸாக இருக்கலாம். 2006இல் மகாராஷ்டிரத்தில் அந்த நோய் மறுபடி தலைகாட்டியது. மனிதருக்கும் ஒட்டும்; மறைக்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டியது சட்டம். தெருநாய் கடித்த குதிரைக்கு 15 நிமிஷம் சோப்புத் தண்ணீர், அப்புறம் வெறிநோய்த் தடுப்பூசி. அதன் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியை லாயத்துக் கதவுக்குப் பின்னால், எலி ஏறாத உயரத்தில் வைத்திருக்கிறேன். சாவி கிடையாது. பூட்டிய பெட்டியின் சாவி எப்போதும் ஊருக்குப் போனவரிடம்தான் இருக்கும். ஊர்வலத்துக்குப் போகும்போது சலைன், பாண்டேஜ், டயபர், டார்ச் அடங்கிய சின்னப் பை ஒன்று குதிரையோடு போகும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு திறந்து பார்ப்பது வழக்கம்; ஒட்டுநாடா காய்ந்திருக்கும், டார்ச்சின் பாட்டரியை யாரோ ரிமோட்டுக்கு எடுத்திருப்பார்கள், டயபரைப் பேத்திக்கு எடுத்துப் போயிருப்பார்கள். பெட்டி என்னுடையது, லாயம் அந்த நண்பருடையது. அவரிடம் இப்போது ஒரு குதிரைதான். மூடியின் உட்புறத் தாளில் அதன் ஊசித் தேதிக்கு மேலே இறந்துபோன குதிரையின் வரி இன்னும் இருக்கிறது. தேதிக் கட்டம் காலி. அழிக்கட்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டார், வேண்டாம் என்றேன்.